திருநெல்வேலிக்கு மூணு நாள் வாரீங்கன்னா, ஆத்தோட நேரத்துக்குச் சுத்துங்க

தை கடைசியில ஒரு கல்யாணத்துக்கு கோயம்புத்தூர்ல இருந்து குடும்பத்தோட வாரோம், கல்யாணம் முடிஞ்சு மூணு நாள் கையில இருக்கு, நெட்டுல தேடினா நெல்லையப்பர் கோயில், குற்றாலம், அல்வாக்கடைன்னு இதையே திருப்பித் திருப்பிக் காட்டுது, ஊர்க்காரங்க நீங்க எங்கெல்லாம் போவீங்க, ஸ்கூல் படிக்கிற பிள்ளைங்களுக்கு எது பிடிக்கும்னு கேட்டிருக்கீங்க. இப்படி யாராவது கேக்க மாட்டாங்களான்னு தான் நான் உக்காந்திருக்கேன் தம்பி, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுதேன், பொறுமையா படிங்க.

குற்றாலத்தை மொதல்ல எடுத்து வச்சிருவோம். அது இப்போ தென்காசி மாவட்டம், தை மாசிக்கெல்லாம் அருவியில தண்ணி குறைஞ்சிரும், சீசன் ஆனி ஆடியில தான். இப்போ அங்க போயி ஒரு நாளை விட வேண்டாம். ஆனா தாமிரபரணி அப்படி இல்ல. பொதிகை மலையில உற்பத்தியாகி நம்ம ஊர் வழியா போயி புன்னக்காயல்ல கடல்ல சேருது, தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ரெண்டுலயும் தண்ணி வாங்குற ஆறு, அதனால தையில ஆத்துல நல்லாவே தண்ணி ஓடும். எங்க ஊர் ஆளுங்க பேப்பரைத் திறந்தா அணை நீர்மட்டத்தைத் தான் மொதல்ல பாப்பாங்க, பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடின்னு முழுக் கொள்ளளவு சின்னப் பிள்ளைக்குக் கூட தெரியும், இன்னைக்கு எத்தனை அடி இருக்குங்கிறது தான் டீக்கடைப் பேச்சு.

இன்னொண்ணும் சொல்லிருதேன். இந்த ஊர்ல எந்த இடம்ங்கிறது அடுத்த விஷயம், எத்தனை மணிக்குப் போறீங்கங்கிறது தான் மொத விஷயம். பத்து மணி வெயில்ல வந்து ஆத்தைப் பாத்துட்டு இதென்ன சாதாரண ஆறுதானேன்னு போனவங்க நிறைய பேரு. காலையில ஆறு மணிக்கு வந்திருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க.

அதனால மொத நாள் காலையில ஆறு, ஆறரைக்கெல்லாம் குறுக்குத்துறைக்குப் போயிருங்க. டவுன்ல (நெல்லையப்பர் கோயிலைச் சுத்தி உள்ள பழைய ஊரு) இருந்து ஆட்டோ புடிச்சா பக்கம் தான், போற வழியில ரெண்டு பக்கமும் வயலு, தை கடைசின்னா பிசான நெல்லு கதிர் வாங்கி நிக்கும். படித்துறையில கல் மண்டபங்க, மருத மரங்க, பாறை பாறையா ஆறு. வயசானவங்க சம்மணம் போட்டு உக்காந்து எண்ணெய் தேச்சுக்கிட்டிருப்பாங்க, பயலுவ மண்டபத்து மேல ஏறி டைவ் அடிப்பானுவ, ஒரு பக்கம் ஒருத்தர் யாருக்கும் கேக்காத மாதிரி தேவாரம் சொல்லிக்கிட்டு முங்கி எந்திரிப்பாரு. மாத்துத்துணி கொண்டு போங்க, சும்மா பாத்துட்டு வாரோம்னு போனா பிள்ளைங்க விடாதுங்க. பாறை வழுக்கும், சில இடத்துல திடீர்னு ஆழம் இருக்கு, அங்க வழக்கமா குளிக்கிற ஆளுங்க கிட்ட "இங்க இறங்கலாமா அண்ணாச்சி"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க, அவங்களே நின்னு பாத்துக்கிடுவாங்க. சோப்பு, ஷாம்பு வேண்டாம், அது என் வேண்டுதல். ஊர்ச் சாக்கடை ஆத்துல கலக்குதேன்னு வருஷக் கணக்கா நாங்க வயித்தெரிச்சல் பட்டுக்கிட்டு இருக்கோம், நம்ம பங்குக்கு நாமளும் சேக்க வேண்டாம். குறுக்குத்துறை ஊருக்கு மேல்பக்கம் இருக்கிறதால தான் அங்க குளிக்கச் சொல்லுதேன், ஜங்ஷனை, அதாவது பெரிய ரெயில்வே ஸ்டேஷன் இருக்கிற பக்கத்தைத் தாண்டி கீழ போனா தண்ணி இந்த மாதிரி இருக்காது.

அங்க இருக்கிற முருகன் கோயிலை நின்னு பாருங்க, கரையில இல்ல, ஆத்துக்குள்ளயே இருக்கு. தண்ணி வரக்கூடிய மேற்குப் பக்கச் சுவரை மட்டும் படகோட முனை மாதிரி கூராக் கட்டியிருக்காங்க, வெள்ளம் வந்து மோதினா ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டு பக்கமும் ஓடிரும், கோயில் நிக்கும். இதைச் சுவருக்கு நேரா நின்னு பாத்தா தான் புரியும், பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயி காட்டுங்க, ஒரு இன்ஜினியரிங் கிளாஸ் அது. பெரிய வெள்ளம் வரும்னு தெரிஞ்சா உற்சவரையும் சாமான்களையும் கரையில இருக்கிற மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிருவாங்க, மூலவர் அங்கயே இருப்பாரு, தண்ணி அவர் தலைக்கு மேல ஓடும், வடிஞ்சதும் சேறு சகதியெல்லாம் அள்ளிக் கழுவி மறுபடி பூஜை. 2023 டிசம்பர் வெள்ளத்துல ஜங்ஷன் பக்கமே தண்ணி ஏறிட்டுது, அதையும் தாங்கிக்கிட்டு கோயில் நின்னுது. திருச்செந்தூர் மூலவர் சிலைக்குக் கல்லு இங்க இருந்து தான் போச்சுன்னு பெரியவங்க சொல்லுவாங்க.

குளிச்சா பசிக்கும், குறுக்குத்துறையில இருந்து திரும்பும் போது டவுன்ல எந்த நல்ல சைவக் கடையிலயும் இட்லி சாப்பிடுங்க, அதுக்கு நான் கடை பேரு சொல்ல வேண்டியது இல்ல.

சாப்பிட்டுட்டு வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு பாலம் பாத்துருங்க. பாலத்துல என்ன பாக்கன்னு நினைப்பீங்க. ஒண்ணு சுலோசன முதலியார் பாலம், கொக்கிரகுளம் பக்கம் ஆத்து மேல இருக்கு. அந்தக் காலத்துல திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவுல ஆத்தைக் கடக்கணும்னா படகு தான். கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தாரா (தலைமைக் குமாஸ்தா மாதிரி) இருந்த சுலோசன முதலியார், அரசாங்கம் பணம் தரும்னு காத்துக்கிட்டு இருக்காம தன் சொத்தைப் போட்டு பாலம் கட்டினாரு, 1843ல திறந்தாங்க. ஒரு தனி மனுஷன் கட்டின பாலத்துல இன்னைக்கும் பஸ்ஸு போகுதுன்னு நினைச்சுப் பாருங்க. இப்போ பக்கத்துலயே புதுப் பாலமும் வந்துட்டுது, அதனால பழையதோட ஆர்ச்சுங்களை முழுசாப் பாக்கணும்னா கீழ ஆத்தோரம் இறங்கணும். அங்கிருந்து சுத்திப் பாத்தா ஆத்தோரமா தைப்பூச மண்டபமும் தெரியும், தைப்பூசத்துக்கு நெல்லையப்பர் தீர்த்தவாரிக்கு வாற இடம். மழைக்காலத்துல நாங்க ஃபோன்ல விசாரிக்கிறது "தைப்பூச மண்டபம் முங்கிட்டா?" அப்படின்னு தான், முங்கிட்டுதுன்னா தண்ணி அதிகம்னு அர்த்தம், ஒரு ஸ்கேலும் தேவையில்ல.

இன்னொண்ணு ஈரடுக்கு மேம்பாலம், ஜங்ஷன்ல, திருவள்ளுவர் பேரு வச்சது. 1970களோட தொடக்கத்துல கட்டினது, ரெயில்வே லைனைத் தாண்டுறதுக்காக. பாலத்துக்குள்ள பாலமா ரெண்டு தளம், மேல பஸ்ஸு, காரு, கீழ் தளத்துல சைக்கிள், பைக், நடக்கிறவங்க. இந்தியாவுல இப்படி ஒரு ரோட்டு மேம்பாலம் முதல்ல வந்தது இங்க தான்னு எங்களுக்குப் பெருமை. பிள்ளைங்களைக் கீழ் தளத்துல நடத்திக் கூட்டிட்டுப் போங்க, தலைக்கு மேல பஸ்ஸு போகும் போது பாலம் லேசா அதிரும், பக்கத்துல ரெயில் வந்துதுன்னா இன்னும் ஜோரா இருக்கும்.

மத்தியானம் ரெஸ்ட் எடுங்க. கோயிலு நடை சாத்திருவாங்க, வெயிலும் தாங்காது, நாலு மணிக்கு மேல டவுனுக்கு வாங்க.

நெல்லையப்பர் கோயிலைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, நான் ரெண்டே விஷயம் சொல்லுதேன். ஒண்ணு, மணி மண்டபத்துல இருக்கிற இசைத் தூணுங்க. நடுவுல பெரிய தூண், சுத்தி சின்னச் சின்னதா 48 தூண், எல்லாம் ஒரே கல்லுல செதுக்கினது. தட்டினா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சத்தம் கொடுக்கும், ஆனா தயவு செஞ்சு நீங்க தட்டாதீங்க, காசு, சாவின்னு வச்சுத் தட்டித் தட்டியே தேஞ்ச இடம் கண்ணுக்குத் தெரியும், அதைப் பாத்தா உங்களுக்கே மனசு வராது. ரெண்டாவது தாமிர சபை, நடராஜருக்கு அஞ்சு சபை உண்டுல்லா, அதுல தாமிரத்துக்கு இங்க. அங்க இருக்கிற மர வேலைப்பாட்டை அவசரப்படாம பாருங்க, கூட்டமே இருக்காது, எல்லாரும் சாமி கும்பிட்டுட்டு ஓடிருவாங்க.

வெளிய வந்தா கீழரத வீதி, எதுத்தாப்புல இருட்டுக்கடை. போர்டு கிடையாது, பழைய மரக்கடை, மங்கலான வெளிச்சம், சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல திறப்பாங்க, கொஞ்ச நேரத்துல முடிஞ்சு போகும், கூட்டத்தைப் பாத்தே கடையைக் கண்டுபிடிச்சிரலாம். எல்லாரும் கிலோக் கணக்குல பார்சல் வாங்குறாங்க, அது ஊருக்குக் கொண்டு போக, சரி. ஆனா அல்வா சாப்பிடுறதுன்னா சூடா நூறு கிராம் கையில வாங்கி, அங்கயே ஓரமா நின்னு, வழுக்கிக்கிட்டு உள்ள போறப்போ கண்ணை மூடிக்கிடணும், அதுக்கு அப்புறம் உடனே ஒரு கை மிக்சர். இனிப்புக்கு மேல காரம் பட்டா தான் மறுபடி அல்வா கேக்கும் நாக்கு.

நல்ல அல்வான்னா என்னன்னு சொல்லிருதேன், ஏன்னா பஸ் ஸ்டாண்டு, ரெயில்வே ஸ்டேஷன் வாசல்ல எல்லாம் அல்வாங்கிற பேருல என்னென்னமோ விக்குது. கோதுமையை ஊறப் போட்டு, ஆட்டி, பிழிஞ்சு பால் எடுப்பாங்க, அந்தப் பாலை ராத்திரி முழுக்க அப்படியே விட்டா கெட்டி கீழ தங்கிரும், மேல தெளிஞ்சு நிக்கிற தண்ணியை இறுத்திருவாங்க. அந்தக் கெட்டிப் பாலைச் சீனிப் பாகுல ஊத்திக் கிண்டணும், நெய்யைக் கொஞ்சங் கொஞ்சமா விட்டுக்கிட்டே இருக்கணும், மொதல்ல நெய்யெல்லாம் உள்ள இழுத்துக்கிடும், கிண்டக் கிண்ட ஒரு கட்டத்துல இழுத்த நெய்யைக் கக்க ஆரம்பிக்கும், அப்போ தான் பதம். இடையில கையை எடுத்தா அடி புடிச்சிரும், கிண்டுறவரு தோள்பட்டையைப் பாத்தாலே எத்தனை வருஷமா கிண்டுறாருன்னு தெரியும். கலரு சீனி முறுகி வந்த கலரா இருக்கணும், கேசரிப் பவுடர் செவப்பு இல்ல. பல்லுல ஒட்டக் கூடாது. விரல்ல எடுத்தா நெய் வழியணும், ஆனா அல்வா விரலை விட்டு ஒரே துண்டா இறங்கணும். இவ்வளவு இருந்தா வாங்குங்க, கடை பேரு என்னவா இருந்தாலும் சரி, டவுன்லயும் ஜங்ஷன்லயும் நல்ல கடைங்க இன்னும் இருக்கு. ருசிக்குக் காரணம் ஆத்துத் தண்ணின்னு எங்க ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க, நானும் அதைத் தான் நம்புதேன். வீட்டுக்குக் கொண்டு போனா ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, நெய் உறைஞ்சு ரப்பர் மாதிரி ஆயிரும், வெளியவே ஒரு வாரம் தாராளமா இருக்கும், சாப்பிடுறதுக்கு முன்னாடி லேசா சூடு பண்ணிக்கிடுங்க.

ரதவீதியை ஒரு சுத்து நடங்க, வாகையடி முக்கு, சந்திப்பிள்ளையார் முக்குன்னு ஒவ்வொரு முக்கா நின்னு நின்னு. பாத்திரக்கடை, பூக்கடை, பழைய ஜவுளிக்கடை, பிள்ளைங்களுக்கு ஒரு நன்னாரி சர்பத், எலுமிச்சை பிழிஞ்சு. ராத்திரி அசைவம் சாப்பிடுறவங்கன்னா வைரமாளிகை ஹோட்டல் பரோட்டாவும் கோழி ஃப்ரையும், வாழை இலையில போட்டுத் தருவாங்க, அங்க உக்காந்து சாப்பிட்டா தான் அது அது.

சாப்பாட்டுல ஒரு முக்கியமான விஷயம். கல்யாணத்துக்கு வாரீங்கன்னு சொன்னீங்கல்லா, பொண்ணு மாப்பிள்ளை வீட்டுல மறுநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா தட்டாம போயிருங்க, டூர் ப்ளான் எதுவா இருந்தாலும் தள்ளிப் போடுங்க. எங்க பக்கம் நிறைய வீட்டுல கல்யாணத்துக்கு மறுநாள் சொதி வைப்பாங்க. தேங்காய்ப் பாலு மூணு தடவை பிழிஞ்சு எடுத்து, மூணாம் பால்ல கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய்னு காயெல்லாம் வேக வச்சு, பாசிப்பருப்பு சேத்து, பச்ச மிளகாயும் இஞ்சியும் தான் காரம், மொதல் பாலைக் கடைசியில ஊத்தி கொதிக்க விடாம இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விடுவாங்க. பாத்தா வெள்ளையா சாதுவா இருக்கும். சுடு சோத்துல குழிச்சு ஊத்தி, தொட்டுக்கிட இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும் வச்சு சாப்பிட்டா எழுந்திரிக்க மனசு வராது. தேங்காய்ப் பாலு வயித்துல கனமா நிக்கும்ங்கிறதுக்காகத் தான் அந்த இஞ்சி, அதை ஒதுக்காதீங்க. ஹோட்டல்லயும் சில நாள் போடுதாங்க, ஆனா மொதல் பாலுல தண்ணி ஏறிரும், வீட்டுச் சொதி கிட்ட நிக்காது. கூப்பிட்டவங்க நெருங்கின சொந்தம்னா உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் செஞ்சு தர முடியுமான்னும் கேட்டுப் பாருங்க, வெக்கப்படாம.

ரெண்டாவது நாளுக்கு என் ஆசை என்னன்னா நீங்க செங்கோட்டை போற பாசஞ்சர் ரெயில்ல ஏறணும். காருக்குக் காசு கொடுக்காதீங்க. காலை ரெயிலா பாத்து ஏறி இடது பக்க ஜன்னலைப் புடிச்சுக்கிடுங்க. பேட்டை தாண்டுனதுமே வயலும் வாழையும் ஆரம்பிச்சிரும், தூரத்துல பொதிகை மலை ஜன்னலோடயே கூட வரும், சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம்னு ஒவ்வொரு ஸ்டேஷனும் சின்னதா மரத்தடியில இருக்கும். காருகுறிச்சி வந்ததும் நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் ஊருன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. கல்லிடைக்கும் அம்பைக்கும் நடுவுல ரெயில் தாமிரபரணியைத் தாண்டும், அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் எத்தனை தடவை வேணும்னாலும் இந்த ரெயில்ல போவேன், வயலுக்கு அந்தப் பக்கம் மலை, கீழ தெளிஞ்ச தண்ணி, குளிக்கிற பிள்ளைங்க ரெயிலுக்குக் கை காட்டும்.

அம்பையில இறங்கி ஆத்துல இன்னொரு குளியல் போடலாம், இங்க தண்ணி இன்னும் சில்லுன்னு இருக்கும். பொட்டப் பிள்ளையோ பையனோ, சின்ன வயசுன்னா அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான் ஒரு செட்டு வாங்கிக் குடுங்க. கல்லிடைக்குறிச்சியில அப்பளம், அதுக்கும் ஆத்துத் தண்ணி தான் காரணம்னு சொல்லுவாங்க.

திரும்பும் போது பஸ்ஸுல வாங்க, பத்தமடையில இறங்கணும். பத்தமடைப் பாயைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க, ஆனா நெய்யிறதைப் பாக்காம பாயை மட்டும் வாங்கினா அதோட விலை ஏன் அப்படின்னு புரியாது. ஆத்தோரத்துல, வாய்க்கால் ஓரத்துல விளையிற கோரையைப் பச்சையா அறுத்து, காய வச்சு, ஓடுற தண்ணியில நாள் கணக்குல ஊறப் போடுவாங்க, ஊறி உப்பினதும் நாரு நாரா கிழிப்பாங்க. சாதாரணப் பாய்க்குத் தடிமனாக் கிழிச்சாப் போதும், பட்டுப்பாய்க்கு நூல் மாதிரி மெலிசா வேணும். அப்புறம் சாயம் முக்கி, தரையோட தரையா இருக்கிற தறியில பாவு நூலுக்கு ஊடால ஒவ்வொரு இழையாக் கோத்துக் கோத்து அடிச்சு நெருக்குவாங்க. பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பொம்பளைங்க தான் வீட்டுக்குள்ள உக்காந்து நெய்யிறது. ரொம்ப மெலிசான பாய் ஒண்ணு முடிய மாசக் கணக்காகும், முடிச்சா துணி மாதிரி மடிச்சுக் கையில வச்சுக்கிடலாம். கல்யாணப் பாய்ல பொண்ணு மாப்பிள்ளை பேரை நெஞ்சே குடுப்பாங்க, உங்க சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு முன்கூட்டியே ஆர்டர் சொல்லியிருந்தா இதை விட நல்ல பரிசு எதுவும் இல்ல. கடையில மெஷின் பாயையும் கூட வச்சிருப்பாங்க, கையில நெஞ்சதா மெஷினான்னு கேட்டு வாங்குங்க, பேரம் ரொம்பப் பேசாதீங்க, அந்த வேலைக்குக் கெடைக்கிற கூலி ஏற்கெனவே குறைச்சல், புதுசா கத்துக்கிட பிள்ளைங்க வர மாட்டேங்குதுங்க.

மூணாவது நாள் ரெண்டு வழி இருக்கு, ரெண்டையும் ஒரே நாள்ல அடைக்காதீங்க.

பிள்ளைங்க இருக்கிறதால என் ஓட்டு கூந்தன்குளத்துக்கு. நாங்குநேரி பக்கம், டவுன்ல இருந்து முப்பத்தஞ்சு கிலோமீட்டர் வாக்குல இருக்கு, 1994ல சரணாலயமா அறிவிச்சாங்க. நீங்க வாற நேரம் நல்ல சீசன். இங்க விசேஷம் என்னன்னா பறவை குளத்துல மட்டும் இல்ல, ஊருக்குள்ளயும் கூடு கட்டும், தெருவுல நடக்கும் போது ஒரு வீட்டு வாசல் மரத்துல மஞ்சள்மூக்கு நாரை இருக்கும், கீழ பாட்டி வாசல் பெருக்கிக்கிட்டு இருப்பாங்க, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கண்டுக்கிட மாட்டாங்க. பறவை வந்தா மழையும் விளைச்சலும் நல்லா இருக்கும்னு அந்த ஊர்க்காரங்க நம்பிக்கை, பறவை பயப்படும்னு தீபாவளிக்குக் கூட வெடி போட மாட்டாங்க. அதுங்க எச்சம் கலந்த குளத்துத் தண்ணி வயலுக்கு உரம், அந்தக் கணக்கும் உண்டு. கூழைக்கடா, கரண்டிவாயன், பூநாரை, இமயமலையைத் தாண்டி வாற வரித்தலை வாத்து எல்லாம் பாக்கலாம். பைனாகுலர் இருந்தா கொண்டு போங்க, காலையில சீக்கிரமோ இல்ல நாலு மணிக்கு மேலயோ போங்க. சத்தம் போடாம, கலர் கலரா இல்லாத சட்டை போட்டுக்கிட்டு, அவ்வளவு தான்.

இன்னொரு வழி திருச்செந்தூர் ரோடு. அதுல கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில், நாயக்கர் காலத்துச் சிற்பங்க. குறவன் ஒருத்தன் ராஜகுமாரியைத் தோள்ல தூக்கிட்டு ஓடுற சிலை, கர்ணன், அர்ஜுனன், வீரபத்திரர், ரதின்னு வரிசையா. தூரத்துல நின்னு செல்ஃபி எடுத்துட்டு வராதீங்க, கிட்டக்கப் போயி கையைப் பாருங்க, விரலுக்கு நகம், நகத்துக்கு ஓரம், கையில நரம்பு ஓடுறது, எல்லாம் கருங்கல்லுல. அதே ரோட்டுல இன்னும் போனா ஆதிச்சநல்லூர். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இந்த ஆத்தங்கரையில ஆளுங்க இருந்திருக்காங்க, பக்கத்துல சிவகளையில ஒரு முதுமக்கள் தாழியில கெடைச்ச நெல்லோட வயசைச் சோதிச்சதுல கி.மு. 1155ன்னு வந்துது, 2021ல அறிவிச்சாங்க. ஆதிச்சநல்லூர்ல தோண்டின குழிக்கு மேல கண்ணாடி போட்டு, தாழிங்களை அந்தந்த இடத்துலயே விட்டு வச்சிருக்காங்க, கண்ணாடி மேல நின்னு காலுக்குக் கீழ பாக்கணும். பிள்ளைங்க கேள்வி மேல கேள்வி கேக்கும், தயாரா போங்க.

ரோட்டோரத்துல பனங்கிழங்கு வித்தா கட்டா வாங்கிக்கிடுங்க, தை மாசத்துச் சாப்பாடு அது. பதநீ அப்போ தான் ஆரம்பிக்கும், காலையில இறக்கினது கெடைச்சா பனை ஓலைப் பட்டையில ஊத்திக் குடிங்க, டம்ளர் கேக்காதீங்க, அந்த ஓலை வாசம் சேந்தாத்தான் பதநீ. மத்தியானத்துக்கு மேல வாங்காதீங்க, புளிச்சிருக்கும்.

பாளையங்கோட்டையை விட்டுட்டேனேன்னு அங்க உள்ளவங்க சண்டைக்கு வருவாங்க, அதனால ஒரு சாயங்காலம் அங்க ஒதுக்குங்க. ஊசிக்கோபுரம்னு நாங்க சொல்லுற சர்ச்சு, ரேனியஸ் ஐயர்ங்கிற மிஷனரி காலத்துல 1826ல கட்டினது, ரொம்ப தூரத்துல இருந்தே கோபுரம் தெரியும். பழைய கோட்டையோட மிச்சத்துல போலீஸ் ஸ்டேஷன் இருந்த இடம், அதை மேடை போலீஸ் ஸ்டேஷன்னே சொல்லுவோம், கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை சிறையில இருந்து தப்பிச்சது இந்தக் கோட்டையில இருந்து தான், 1801ல. மணியாச்சியில 1911ல வாஞ்சிநாதன் சுட்ட கலெக்டர் ஆஷ் கல்லறையும் பாளையில தான் இருக்கு. ரெண்டையும் ஒரே சாயங்காலத்துல பாத்தா ஒரு நூறு வருஷத்துச் சண்டையோட ரெண்டு முனையைப் பாத்த மாதிரி. பிள்ளைங்களுக்குப் போரடிச்சா கொக்கிரகுளத்துல ஆத்தோரமா இருக்கிற மாவட்ட அறிவியல் மையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, நான் சொன்ன எல்லாத்தையும் விட அது தான் பிடிச்சுதுன்னு சொன்னாலும் சொல்லும்.

இந்தத் தடவை கெடைக்காதது ரெண்டு இருக்கு, தெரிஞ்சு வச்சுக்கிடுங்க. ஆடி அமாவாசைக்குக் காரையார்ல சொரிமுத்தையனார் கோயில், முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக் காட்டுக்குள்ள, ஜனங்க குடும்பம் குடும்பமா வந்து தங்குவாங்க, அங்க பட்டவராயன்ங்கிற சாமிக்குச் செருப்பு காணிக்கை, தோல் செருப்பு தைச்சு மரத்துல கட்டித் தொங்க விடுவாங்க, அந்தச் செருப்பைப் பட்டவராயன் போட்டு நடப்பாருன்னு, தேஞ்சிருக்குன்னு காட்டுவாங்க. ஃபாரஸ்ட் செக்போஸ்ட் விதிமுறை வருஷா வருஷம் மாறும், கேட்டுட்டு வாங்க. இன்னொண்ணு ஆனித் தேரோட்டம், நெல்லையப்பர் தேரு தமிழ்நாட்டுப் பெரிய தேருங்கள்ல ஒண்ணு, மனுஷக் கையாலயே இழுக்கிறது. வடம் புடிக்க யாரு வேணும்னாலும் வரலாம், யாரு எந்த ஊருன்னு கேக்க மாட்டாங்க, தேரு நின்னு போனா பின்னால சக்கரத்துக்குத் தடி போட்டு நெம்புறவங்க சத்தம் கொடுப்பாங்க, மறுபடி எல்லாரும் சேந்து இழுக்கணும். செருப்பைப் போட்டுட்டு வராதீங்க, தேதி வந்ததும் கேளுங்க, எந்த முக்குல நின்னா தேரு திரும்புறது நல்லாத் தெரியும்னு சொல்லுதேன்.